பாக்கெட்டின் பின்பக்கம்: 'க்ளூட்டன் இல்லை' என்று எழுத எத்தனை வருஷம்?

போன மே மாதம் என் தங்கையும் அவள் மகளும் குருகிராமிலிருந்து சென்னைக்கு வந்திருந்தார்கள். குட்டிக்கு ஒன்பது வயது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்குச் செலியாக் நோய் என்று கண்டுபிடித்தார்கள். கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களில் இருக்கும் க்ளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் சிறுகுடலையே தாக்கும். பள்ளிக்கூடத்தில் குடலுறிஞ்சிகள் என்று படித்தோமே, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் அந்த மடிப்புகள், அவை தேய்ந்து தட்டையாகிவிடும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வயிற்றுப்போக்கு, ரத்தசோகை, வளர்ச்சிக் குறைவு எல்லாம் வரும். இதற்கு மருந்து கிடையாது. வாழ்நாள் முழுக்க க்ளூட்டன் இல்லாத சாப்பாடுதான் வைத்தியம்.

அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "நம்ம வீட்டுல என்னடி கவலை? சோறு, சாம்பார், இட்லி. கோதுமையே கிடையாது. இங்க வந்தாத்தான் குழந்தை நிம்மதியா சாப்பிடும்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். நான்காவது நாள் குட்டிக்கு வயிறு உப்பி வலிக்க ஆரம்பித்தது. எதனால் என்று யாருக்கும் புரியவில்லை. தங்கை சமையலறைக்குள் போய் ஒவ்வொரு டப்பாவையும், பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தாள். கால் மணி நேரத்தில் வெளியே வந்தாள். கையில் பெருங்காய டப்பா.

பொருட்கள்: உண்ணத்தக்க கோந்து, மைதா, பெருங்காயம். அந்த வரிசையில்.

வயிற்றுவலிக்குக் காரணம் அதுதானா என்று நிரூபிக்க முடியாது, வேறு ஏதாவதாகவும் இருந்திருக்கலாம். ஆனால் எனக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை. நாற்பது வருஷமாக அந்த டப்பாவைப் பார்த்து வளர்ந்தவன். அதன் பின்பக்கத்தை ஒரு தடவைகூடப் படித்ததில்லை. அன்றிலிருந்து கடந்த சில மாதங்களாக, பாக்கெட்டின் பின்பக்கத்தில் அந்த ஒரு வரி எப்படி வந்தது, யார் கேட்டு வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். அந்தக் குறிப்புகளைத்தான் இங்கே கோர்த்திருக்கிறேன். எனக்கு மருத்துவம் தெரியாது. சாப்ட்வேர்காரன். நோய் பற்றிய முடிவுகளுக்கு உங்கள் டாக்டரைக் கேளுங்கள்.

முதலில் நோயின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1887ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் தெரு குழந்தைகள் மருத்துவமனையில் சாமுவேல் கீ என்ற மருத்துவர் இந்த நோயைப் பற்றி ஓர் உரை நிகழ்த்தினார். அடுத்த வருஷம் அது அச்சில் வந்தது. இந்த நோயைக் குணப்படுத்த முடியும் என்றால் அது உணவால்தான் முடியும் என்று அதில் சொல்லிவிட்டார். எந்த உணவு என்றுதான் தெரியவில்லை. ஒரு குழந்தைக்குத் தினமும் நிறைய டச்சு நாட்டுச் சிப்பிகளைக் கொடுத்தபோது நன்றாகத் தேறியது என்று எழுதியிருக்கிறார். சிப்பி சாப்பிட்டதால் தேறியதா, சிப்பியால் வயிறு நிறைந்து ரொட்டி சாப்பிடாததால் தேறியதா என்று இன்றைக்கு நாம் கேட்போம். அன்றைக்கு யாரும் அப்படிக் கேட்கவில்லை.

1924ல் நியூயார்க்கில் சிட்னி ஹாஸ் என்ற குழந்தை மருத்துவர் வாழைப்பழ வைத்தியத்தை வெளியிட்டார். ரொட்டி, பிஸ்கட், தானியம், உருளைக்கிழங்கு எதுவும் கூடாது, வாழைப்பழம் நிறையச் சாப்பிட வேண்டும். குழந்தைகள் பிழைத்தன. பெருமை வாழைப்பழத்துக்குப் போனது. சில வருஷம் கழித்து, குணமாகிவிட்டது என்று குழந்தையைப் பழைய சாப்பாட்டுக்கே திருப்பி அனுப்பினார்கள். எங்கள் தொழிலில் இதை அடிக்கடி பார்க்கிறோம். நாலு வரியை ஒரே நேரத்தில் மாற்றி, பிழை போய்விட்டது என்றால், எந்த வரியால் போனது என்று தெரியாது. அதே பிழை ஒருநாள் திரும்பி வரும்.

சரியான வரியைக் கண்டுபிடித்தவர் வில்லெம் கரேல் டிக்கே. நெதர்லாந்தின் ஹேக் நகரத்தில் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் இருந்தவர். 1930களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். ரொட்டியை நிறுத்தினால் என் குழந்தைக்குச் சரியாகிவிடுகிறது என்று ஒரு தாய் வந்து சொன்னதும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள். 1944-45 குளிர்காலத்தில் ஜெர்மன் முற்றுகையால் மேற்கு நெதர்லாந்தில் கடும் பஞ்சம். ரொட்டி இல்லை. ஜனங்கள் துலிப் கிழங்கைத் தின்றார்கள். ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அந்த நேரத்தில் செலியாக் குழந்தைகளுக்கு மட்டும் நோய் தணிந்திருந்தது, ரொட்டி திரும்பி வந்ததும் நோயும் வந்தது. இந்தப் பஞ்சத்தில்தான் டிக்கேவுக்குப் பொறி தட்டியது என்று இணையத்தில் எங்கு பார்த்தாலும் எழுதியிருக்கிறது. அது பாதிதான் உண்மை. போருக்கு முன்பே கோதுமை இல்லாத உணவைக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். 1941லேயே அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். பஞ்சம் அவருடைய சந்தேகத்தை உறுதிப்படுத்தியது, அவ்வளவுதான். 1950ல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். வான் டி காமர், வெய்யர்ஸ் என்ற இரண்டு சகாக்களுடன் சேர்ந்து, மலத்தில் வெளியேறும் கொழுப்பை அளந்து, கெடுப்பது கோதுமையின் க்ளூட்டன்தான் என்று 1953ல் காட்டினார்கள்.

அதே சமயத்தில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் சார்லட் ஆண்டர்சன் உள்ளிட்ட குழு இன்னொரு காரியம் செய்தது. கோதுமை மாவைக் கழுவி, க்ளூட்டனைத் தனியாக, மாவுச்சத்தைத் தனியாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார்கள். க்ளூட்டன்தான் விஷம், மாவுச்சத்து பாதகம் செய்யவில்லை. 1952ல் இது வெளியானது. இந்தத் தகவலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய சண்டைக்கு இதுதான் விதை.

ஆக, 1953ல் காரணம் தெரிந்துவிட்டது. வைத்தியமும் தெரிந்துவிட்டது. ஒரு பாக்கெட்டில் 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று எழுதியிருந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று அமெரிக்க அரசு சொன்னது எந்த வருஷம் தெரியுமா? 2013. அறுபது வருஷம்! இது எப்படி நடந்தது என்பதுதான் என்னைப் பிடித்து இழுத்த கேள்வி.

டாக்டர் "கோதுமை சாப்பிடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். வீட்டில் ரொட்டியை நிறுத்தலாம். சூப் பாக்கெட்டில் கெட்டிப்படுத்த மாவு போட்டிருப்பது எப்படித் தெரியும்? சாசேஜில் ரொட்டித்தூள் கலந்திருப்பது? பார்லியை முளைகட்டி எடுக்கும் மால்ட் சேர்த்த சோள அவல்? இதற்கெல்லாம் 1960களில் சட்டத்தில் பதில் இல்லை. பதிலை நோயாளிகளே உருவாக்கிக்கொண்டார்கள். 1968ல் பிரிட்டனில் செலியாக் சங்கம் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஒருவர் எலிசபெத் செகல், செலியாக் குழந்தையின் தாய். இன்னொருவர் பீட்டர் பெனன்சன். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 1961ல் அம்னஸ்டி இன்டர்நேஷனலைத் தொடங்கிய அதே வழக்கறிஞர்தான். அவருக்கே இந்த நோய் இருந்தது. அரசியல் கைதிகளுக்காகக் கடிதம் எழுத உலகத்தையே பழக்கிய மனுஷன், பிஸ்கட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் ஒரு சங்கம் வைக்க வேண்டியிருந்தது.

சங்கம் செய்த முக்கியமான வேலை பட்டியல். எந்தக் கம்பெனியின் எந்தப் பொருளில் க்ளூட்டன் இல்லை என்று உற்பத்தியாளர்களிடம் கேட்டு வாங்கி, புத்தகமாகப் போட்டு உறுப்பினர்களுக்குக் கொடுப்பது. அதைக் கடைக்கு எடுத்துப் போய் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு வாங்குவார்கள். லேபிள் சொல்லாததைச் சொல்ல இன்னொரு லேபிள் மாதிரி. ஆனால் கம்பெனி இன்றைக்குச் செய்முறையை மாற்றினால் புத்தகத்துக்கு அது தெரியாது. எங்கள் பாஷையில் சொன்னால், பழைய கேஷ். ஒரு கதிரின் மேல் குறுக்குக்கோடு போட்ட வட்டச் சின்னம் பார்த்திருப்பீர்கள், அதுவும் அந்தச் சங்கத்தின் வணிகச் சின்னம்தான். அரசு முத்திரை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உணவுப் பொருட்களுக்கு உலக அளவில் தரம் வகுப்பது கோடெக்ஸ் என்ற அமைப்பு. ஐ.நா.வின் உணவு வேளாண்மை நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்து நடத்துவது. அவர்கள் 1979ல் க்ளூட்டன் இல்லாத உணவுக்கு முதல் தரத்தைக் கொண்டுவந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு ஆச்சரியம். அதில் க்ளூட்டனுக்கு அளவே இல்லை, நைட்ரஜனுக்குத்தான் அளவு. கோதுமை மாதிரியான தானியத்திலிருந்து வரும் நைட்ரஜன், காய்ந்த எடையில் 100 கிராமுக்கு 0.05 கிராமைத் தாண்டக் கூடாது.

ஏன் நைட்ரஜன்? அன்றைக்கு அதைத்தான் அளக்க முடிந்தது. புரதத்தில் நைட்ரஜன் உண்டு, மாவுச்சத்தில் கிடையாது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் யோஹன் கெல்டால் என்ற வேதியியலாளர் 1883ல் நைட்ரஜனை அளக்க ஒரு முறை கண்டுபிடித்தார். பீருக்கான பார்லியில் புரதம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் அது. பார்லி புரதத்தை அளக்க வந்த முறையே பார்லியால் நோய்வாய்ப்படுகிறவர்களுக்கும் காவல் நிற்க வேண்டியதாயிற்று.

இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. நைட்ரஜன் எந்தப் புரதத்திலிருந்து வந்தது என்று அதற்குத் தெரியாது. பால் புரதமா, சோயா புரதமா, க்ளூட்டனா, எல்லாம் ஒன்றுதான். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். கோதுமைக்கு நைட்ரஜனை 5.7 ஆல் பெருக்கினால் புரதம் வரும். 0.05 கிராம் என்றால் 0.285 கிராம், அதாவது 100 கிராம் உணவில் 285 மில்லிகிராம் கோதுமைப் புரதம் வரை அனுமதி. இதில் எல்லாம் க்ளூட்டன் இல்லை, மாவுச்சத்துத் துகளோடு ஒட்டிய வேறு புரதங்களும் சேர்ந்ததுதான். இருந்தாலும் இன்றைய வரம்பு என்ன என்று பாருங்கள்: 100 கிராமுக்கு 2 மில்லிகிராம் க்ளூட்டன்.

1979 தரத்தின் பின்னால் இருந்தது அந்த பர்மிங்காம் சோதனைதான். மாவுச்சத்து பாதகமில்லை என்றால், கோதுமையைக் கழுவி எடுத்த மாவுச்சத்தில் ரொட்டி சுடலாமே? பிரிட்டனிலும் வட ஐரோப்பாவிலும் அப்படித்தான் சுட்டார்கள். அரிசி மாவு ரொட்டியைவிட அது நன்றாக வரும். ஆனால் எவ்வளவு கழுவினாலும் கொஞ்சம் க்ளூட்டன் ஒட்டிக்கொண்டிருக்கும். கோதுமையிலிருந்து வந்ததை 'க்ளூட்டன் இல்லை' என்று எப்படிச் சொல்வாய் என்று இன்னொரு பக்கம் கேட்டார்கள். 'இல்லை' என்றால் பூஜ்யமா, பாதகமில்லாத அளவுக்குக் குறைவா? கோடெக்ஸின் சிறப்பு உணவுக் குழு ஜெர்மனியில் கூடிக் கூடி இதை வருஷக்கணக்கில் பேசியது.

இந்த இடத்தில் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பூஜ்யம் என்று எழுத எதற்கு முப்பது வருஷம்? பிறகுதான் புரிந்தது. பூஜ்யத்தை அளக்கும் கருவி உலகத்தில் கிடையாது. கருவி எவ்வளவு நுணுக்கமோ அவ்வளவு தூரம்தான் 'இல்லை' என்று சொல்ல முடியும். ஆஸ்திரேலியா 'கண்டுபிடிக்கக்கூடிய க்ளூட்டன் எதுவும் இருக்கக் கூடாது' என்று சட்டம் வைத்திருக்கிறது. கேட்க நன்றாக இருக்கும். கருவி கூர்மையாக ஆக ஆக, நேற்று 'இல்லை'யாக இருந்த அதே பிஸ்கட் இன்றைக்கு 'இருக்கிறது' ஆகிவிடும், பிஸ்கட் மாறாமலேயே.

ஆக இரண்டு விஷயம் தேவைப்பட்டது. க்ளூட்டனை மட்டும் பார்க்கும் கருவி ஒன்று. எவ்வளவு வரை குடல் தாங்கும் என்ற விடை இன்னொன்று.

கருவி ஸ்பெயினிலிருந்து வந்தது. மாட்ரிடில் என்ரிக்கே மென்டெஸ் குழு ஆர்5 என்ற ஒரு நோயெதிர்ப்பு மூலக்கூறை வைத்து எலைசா சோதனையை உருவாக்கியது. க்ளூட்டன் புரதத்தில் திரும்பத் திரும்ப வரும் ஐந்து அமினோ அமிலத் தொடர் ஒன்று உண்டு. ஆர்5 போய் அதில் ஒட்டிக்கொள்ளும். கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் அது இருக்கிறது, பாலிலோ சோயாவிலோ இல்லை. ஒரு பெரிய பைலில் ஐந்தெழுத்துச் சொல்லைத் தேடுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். 2006ல் கோடெக்ஸ் இந்த முறையை ஏற்றது.

விடை இத்தாலியிலிருந்து வந்தது. கார்லோ கடாசி குழு 2007ல் வெளியிட்ட ஆய்வில், உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த செலியாக் நோயாளிகளுக்குத் தினமும் மாத்திரையில் 10 மில்லிகிராம் அல்லது 50 மில்லிகிராம் க்ளூட்டன், அல்லது வெறும் மாத்திரை என்று 90 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். 50 மில்லிகிராம் சாப்பிட்டவர்களின் குடலுறிஞ்சிகள் மோசமாயின. ஒரு துண்டு ரொட்டியில் சுமார் 2 கிராம் க்ளூட்டன் இருக்கும். 50 மில்லிகிராம் என்றால் அந்தத் துண்டில் நாற்பதில் ஒரு பங்கு. தட்டில் சிந்திய தூள்.

இதற்கப்புறம் வேகமாக நடந்தது. 2008ல் கோடெக்ஸ் தரத்தைத் திருத்தியது. கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்குள் இருந்தால் 'க்ளூட்டன் இல்லை'. ஒருவர் ஒரு நாளைக்கு அரைக் கிலோ இந்த வகை உணவு சாப்பிட்டாலும் 10 மில்லிகிராமைத் தாண்டாது. ஐரோப்பிய ஒன்றியம் 2009ல் இதைச் சட்டமாக்கி, 2012 ஜனவரி முதல் கட்டாயமாக்கியது. அதற்கு முன்பே அங்கே இன்னொரு ஓட்டையை அடைத்திருந்தார்கள். கூட்டுப்பொருள் மொத்த உணவில் 25 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், அதற்குள் என்ன இருக்கிறது என்று பிரித்து எழுத வேண்டாம் என்று ஒரு பழைய விதி. பீட்சாவின் மேல் தூவிய சாசேஜ் என்றால் 'சாசேஜ்' என்று எழுதினால் போதும், அதற்குள் இருக்கும் ரொட்டித்தூள் வெளியே தெரியாது. 2003ல் வந்த உத்தரவு, 2005 நவம்பரிலிருந்து அந்தச் சலுகையை எடுத்துவிட்டது. இந்த 'கூட்டுப்பொருள்' என்ற வார்த்தையையும் மறக்காதீர்கள், நம்ம ஊருக்கு வரும்போது தேவைப்படும்.

அமெரிக்கக் கதை வேறு மாதிரி. 2003ல் வந்த ஒரு பெரிய ஆய்வில் 133 பேருக்கு ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது என்று தெரிந்தது. அதுவரை அங்கே இதை அபூர்வ நோய் என்றுதான் நினைத்தார்கள். 2004ல் ஒவ்வாமைப் பொருட்களை லேபிளில் எழுத வேண்டும் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. எட்டுப் பொருட்கள். அதில் கோதுமை உண்டு, பார்லியும் ரையும் இல்லை! அதாவது க்ளூட்டன் என்ற கண்ணோட்டத்தில் எழுதிய சட்டமே இல்லை அது. கோதுமை ஒவ்வாமை என்ற வேறு ஒரு நோய்க்கு எழுதியது. ஆனால் அதே சட்டத்தில், 'க்ளூட்டன் ஃப்ரீ' என்பதற்கு நான்கு வருஷத்துக்குள் இலக்கணம் வகுக்க வேண்டும் என்று உணவு மருந்துத் துறைக்கு ஓர் உத்தரவும் இருந்தது. 2008 ஆகஸ்டில் வந்திருக்க வேண்டும். 2007ல் வரைவு வந்தது. பிறகு மௌனம். அந்த இடைவெளியில் சந்தையில் க்ளூட்டன் ஃப்ரீ பொருட்கள் பெருகிக்கொண்டே போயின. ஆளாளுக்கு ஓர் அர்த்தம்.

வட கரோலினாவில் ஒருவர் சாதாரண ரொட்டியை மொத்தமாக வாங்கி, 'க்ளூட்டன் ஃப்ரீ' என்று தன் கம்பெனி பெயரில் விற்றார். வாங்கிச் சாப்பிட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். 2011ல் அவருக்குப் பல வருஷம் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் பாருங்கள், வழக்கு நடந்தது பொய் சொல்லிப் பணம் பறித்த குற்றத்துக்கு. லேபிளைப் பற்றிய மத்திய விதி அப்போது இல்லவே இல்லை. அதே 2011 மே மாதம் வாஷிங்டனில் செலியாக் ஆர்வலர்கள் க்ளூட்டன் இல்லாத ஒரு ராட்சத கேக்கைக் கட்டி நிறுத்தினார்கள். இயக்கத்தின் பெயரே '133ல் ஒருவர்'. அந்த ஆகஸ்டில் துறை மறுபடி கருத்துக் கேட்க ஆரம்பித்தது. கேக்கால்தான் நடந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மூன்று வருஷம் கெடு தாண்டித் தூங்கிய கோப்பு, கேக் வந்த வருஷம் எழுந்தது. 2013 ஆகஸ்ட் 5ல் இறுதி விதி வந்தது. அதே 20.

எண் வந்ததால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். 2015 அக்டோபரில் ஜெனரல் மில்ஸ் கம்பெனி சுமார் 18 லட்சம் சீரியோஸ் பெட்டிகளைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றது. க்ளூட்டன் ஃப்ரீ என்று எழுதிய ஓட்ஸ் உணவு. கலிபோர்னியாவில் லோடி ஊர்த் தொழிற்சாலையில் தவறுதலாகக் கோதுமை மாவு அந்த வரிசைக்குள் போய்விட்டது. வரம்பு என்று ஒன்று இருந்ததால்தான் 'தாண்டிவிட்டது' என்று சொல்ல முடிந்தது.

இப்போது அம்மாவின் சமையலறைக்குத் திரும்புகிறேன்.

தென்னிந்தியாவில் இந்த நோய் இல்லை என்று பலர் சொல்வார்கள். 2016ல் வெளியான ஓர் ஆய்வு, பி.எஸ். ராமகிருஷ்ணா தலைமையிலானது, 23,331 பேரிடம் ரத்தப் பரிசோதனை செய்தது. நோயைக் காட்டும் எதிர்ப்பு மூலக்கூறு வட இந்தியாவில் 1.23 சதவீதம் பேருக்கு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. தெற்கு என்றால் வேலூர்ப் பகுதி. இந்த நோய்க்கு இடம் கொடுக்கும் மரபணு வகைகள் மூன்று பகுதியிலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இருந்தன. வித்தியாசம் தட்டில். வடக்கே ஒருவர் நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிடுகிறார், இங்கே 25 கிராம். சர்க்கரை வியாதி என்று ராத்திரி சப்பாத்திக்கு மாறிய வீடுகளையும், தெருவுக்கு நாலு பரோட்டாக் கடையையும் பார்க்கும்போது அந்த 25 அப்படியே இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இது என் அனுமானம்.

இந்தியாவிலும் க்ளூட்டன் இல்லாத உணவுக்கு வரம்பு கிலோவுக்கு 20 மில்லிகிராம்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளில், தனியாகச் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருட்களின் பட்டியலில் முதல் வரியே க்ளூட்டன் உள்ள தானியங்கள்: கோதுமை, ரை, பார்லி, ஓட்ஸ். அமெரிக்கச் சட்டத்தைவிட இது மேல், பார்லியும் ரையும் உள்ளே இருக்கின்றன. காகிதத்தில் நமக்குக் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ஆனால் பெருங்காயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சுத்தமான பெருங்காயம் காட்டமான பிசின், அப்படியே போட முடியாது. கோந்தும் தானிய மாவும் சேர்த்ததுதான் கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயம். சட்டமே அதை அனுமதிக்கிறது. இந்தக் கூட்டுப் பெருங்காயம் சாம்பார் பொடிக்குள் போகும், ரசப் பொடிக்குள், ஊறுகாய்க்குள், முறுக்குக்குள், அப்பளத்துக்குள் போகும். கூட்டுப்பொருள் 5 சதவீதத்துக்குக் குறைவு என்றால் அதைப் பிரித்து எழுத வேண்டாம் என்பது நம் விதி. சாம்பார் பொடியில் பெருங்காயம் 5 சதவீதம் எங்கே வரப்போகிறது? ஆகவே கீழே 'கோதுமை உள்ளது' என்று தனியாக எழுதினால்தான் உண்டு. எழுத வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டிலிருந்த ஒரு சாம்பார் பொடிப் பாக்கெட்டில் பொருள் பட்டியலில் பெருங்காயம் இருந்தது, அந்த வரி இல்லை. கம்பெனிக்கு மெயில் போட்டேன். "எங்கள் தயாரிப்புகள் அனைத்தும் நூறு சதவீதம் சைவம்" என்று பதில் வந்தது. இரண்டாவது மெயிலுக்குப் பதிலே இல்லை.

சிட்டிகைதானே என்று கேட்கலாம். கணக்குப் போடலாம், எல்லாம் தோராயம்தான். ஒரு குழம்புக்கு அரை கிராம் கூட்டுப் பெருங்காயம், அதில் பாதி மைதா என்று வைத்துக்கொள்வோம். 250 மில்லிகிராம் மைதா. மைதாவில் பத்தில் ஒரு பங்கு க்ளூட்டன் என்றால் 25 மில்லிகிராம். நாலு பேர் சாப்பிட்டால் ஆளுக்கு 6. காலையில் இட்லிக்குச் சாம்பார், மதியம் ரசம், சாயங்காலம் முறுக்கு என்று மூன்று தடவை ஆனால் 18. நாளைக்கு 10 என்ற கணக்கைத் தாண்டியாச்சு. கோதுமையே கிடையாது என்று சத்தியம் செய்யும் வீட்டில்!

இன்னொரு விஷயம் மொழி. நம் விதிப்படி லேபிள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தால் போதும். தமிழ் இருந்தால் இருக்கலாம், கட்டாயம் இல்லை. எங்கள் வீட்டில் சமைப்பது அம்மா. அவருக்குத் தமிழ்ப் பத்திரிகை கண்ணாடி போடாமல் படிக்க வரும், ஆங்கிலம் வராது. குழந்தையின் வைத்தியம் முழுக்க அந்த ஒரு வரியில் இருக்கிறது, அதைப் படிக்க வேண்டியவருக்கு அது புரியாது. தமிழ்நாட்டில் விற்கும் பாக்கெட்டில் விளம்பர வாசகம் மட்டும் அழகான தமிழில் முன்பக்கம் இருக்கிறது. பின்பக்கத்து ஒவ்வாமை வரியையாவது மாநில மொழியில் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. ஆணையம் வரைவு விதிகளை வெளியிட்டுப் பொதுமக்கள் கருத்துக் கேட்கும் வழக்கம் இருக்கிறது. அடுத்த தடவை கேட்கும்போது இதை எழுதி அனுப்புவதாக இருக்கிறேன். கூடவே எழுத விருப்பமுள்ளவர்கள் சொல்லுங்கள், மாதிரிக் கடிதம் போட்டு வைக்கிறேன்.

லேபிளே இல்லாத இடங்களும் இருக்கின்றன. எங்கள் தெரு மாவு மில்லில் கேழ்வரகு கொண்டு போனால், முன்னால் நிற்பவரின் கோதுமை அரைத்த அதே மிஷினில்தான் அரைப்பார்கள். மில்லுக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். "காலையில கடை திறந்ததும் முதல் ஆளா வாங்க சார், கழுவித் துடைச்சு அரைச்சுத் தர்றேன்" என்றார். அந்தக் கம்பெனி கொடுக்காத பதில்.

இந்த மே மாதமும் தங்கை வருகிறாள். அரிசி மாவு சேர்த்த கூட்டுப் பெருங்காயம் தேடிப் பிடித்து வாங்கியாச்சு. சாம்பார் பொடி அம்மாவே வறுத்து, தனியாக அரைத்து வைக்கிறார். ஆங்கில லேபிள்களில் பார்க்க வேண்டிய ஆறு வார்த்தைகளைப் பெரிய எழுத்தில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். நேற்று அம்மா கடையில் ஒரு பாக்கெட்டைத் திருப்பி, எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "டேய், இதுல மால்ட்டுன்னு போட்டிருக்கு, வேண்டாம்" என்று திருப்பி வைத்துவிட்டார்.